இன்னைக்கு ஓடல சார்

எனக்கு ரிட்டயராக இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. கேட்கிறவர்கள் எல்லாம், "அவ்வளவுதானா சார், கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்கிறார்கள். எங்கே ஓடுகிறது? சங்கரன்கோவிலில் வண்டியை எடுத்து, மேலநீலிதநல்லூர் ரோட்டில் பாதி தூரம் போய், பள்ளிக்கூடப் பூட்டில் சாவியைப் போடும்போதே எனக்கு அன்றைய நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். ஐந்து வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு வாத்தியார். நான் தலைமையாசிரியர். இன்னொரு நாற்காலிக்கு ஆள் வருவதும் போவதுமாக இருக்கும். இப்போது காலி. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த டீச்சரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். இரண்டே பேர் உள்ள இடத்தில் சார் என்றால் நான், டீச்சர் என்றால் அவர். வேறு பெயருக்கு அவசியமே வரவில்லை.

டீச்சருக்கு ஊர் கடையநல்லூர். வீட்டுக்காரர் சவூதியில். இரண்டு பஸ் மாறி வருவார். நாலு பத்துக்குக் கடைசி மணி, நாலு முப்பத்தைந்துக்கு டவுன் பஸ். நடுவில் இருக்கிற அந்த இருபத்தைந்து நிமிடமும் ரோட்டோர நிழற்குடையில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைப் பெருவிரலால் போனில் தட்டிக்கொண்டே இருப்பார். சவூதிக்குத்தான் ஏதோ அனுப்புகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வண்டியை நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"என்ன டீச்சர், வீட்டுக்காரருக்கு டெய்லி ரிப்போர்ட்டா?"

"அவுககிட்ட ராத்திரி பேசிக்கிடுவேன் சார். இன்னைக்கு ஓடல, அதான் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"எது ஓடல? பஸ்ஸா?"

"பாடம் சார். அஞ்சாவதுக்குப் பின்னம் ஓடவே இல்ல."

போனைத் திருப்பிக் காட்டினார். நீலக்குருவி படம் போட்ட தளம். சினிமாக்காரனுக்கு ஒரு கூட்டம், கட்சிக்காரனுக்கு ஒரு கூட்டம் என்று வாய்ச்சண்டை போடுகிற இடம் என்றுதான் எனக்கு அதைத் தெரியும். அதற்குள்ளே ஒரு மூலையில் வாத்தியார்கள் கொஞ்சம் பேர் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் எழுதியிருந்தது இது: "பின்னம் நடத்த ரொட்டியை வெட்டிக் காட்டினேன். பிள்ளைகள் ரொட்டியை மட்டும்தான் பார்த்தார்கள். ஓடவில்லை. வேறு என்ன செய்யலாம்?"

"இதப் போயி ஊருக்கெல்லாம் சொல்லணுமா டீச்சர்?" என்றேன்.

"ஊருக்குச் சொன்னாத்தான சார் ஊருல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றார். பஸ் வந்துவிட்டது.

மறுநாள் பிரேயர் முடிந்ததும் அவராகவே வந்து சொன்னார். பஸ் சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள் மூன்று பதில் வந்துவிட்டதாம். கிருஷ்ணகிரிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரு டீச்சர், மலேசியாவில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஓர் அம்மா. மூவர் முகத்தையும் இவர் பார்த்தது கிடையாது. அந்த அம்மா சொன்னபடி காகிதத்தை மடித்து மடித்துக் காட்டப் போகிறேன் என்றார். நான் "செய்யுங்க, செய்யுங்க" என்றேன். என் கையில் சத்துணவு ரிஜிஸ்டர் இருந்தது.

ஒரு பதிவுக்கு இருநூற்றெண்பது எழுத்துத்தான் கணக்காம். தமிழில் எழுதினால் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிவிடுமாம். "ஒரு புள்ளியக்கூட விட மாட்டேங்குது சார், சரியான கறார்" என்று சிரிப்பார். அதனால் டீச்சருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாமல் போய்விட்டது. நேரில் பேசும்போதும் அப்படித்தான். என்ன நடத்தினேன், எங்கே நின்றது, யாருக்காவது தெரியுமா. மூன்றே வரி.

இன்னொன்று கவனித்தேன். பிள்ளைகளுக்கு வரவில்லை என்று ஒருநாளும் எழுத மாட்டார். என்னால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை என்றுதான் எழுதுவார். ஏன் என்று கேட்டதற்கு, "பிள்ளைக்கு வரலன்னு போட்டா எனக்கு வேல இல்லாமப் போயிரும்லா சார்? எனக்கு நடத்த வரலன்னு போட்டாத்தான் நாளைக்கு நான் வேற மாதிரி நடத்த முடியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்போது எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ்.

டவுனில் ஒரு தடவை பயிற்சி வகுப்பு. அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறோம். மேடையில் ஒருவர் திரையில் படம் படமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே போண்டாவும் டீயும் வந்து இறங்கியாயிற்று, வாசனை உள்ளே வருகிறது. கடைசியில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். அதற்கு 'இல்லை' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டு எழுந்திருப்பதுதான் எங்கள் வழக்கம். டீச்சர் கையைத் தூக்கிவிட்டார்.

"இப்ப நீங்க சொன்னத எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு வாரம் செஞ்சு பாத்தேன் சார். ஓடல. ஒரே ரூம்ல அஞ்சு வகுப்பு இருந்தா எப்படிச் செய்யணும்?"

பின்வரிசையில் இருந்து ஒரு அண்ணாச்சி, "ஏ தாயி, உக்காருங்க. போண்டா ஆறுது" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் இருந்தவர் 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார். டீச்சர் போண்டா வாங்கப் போகவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அதே கேள்வியைப் போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் மூன்று வகுப்புகள் எனக்கு, நான்கும் ஐந்தும் டீச்சருக்கு. நான் பாதி நாள் மீட்டிங் என்று போய்விடுவேன், அப்போது ஐந்தும் அவருக்கு. அந்த வருடம் ஐந்தாவதில் பதினோரு பிள்ளைகள். ஏழு பேருக்கு வகுத்தல் ஏறவில்லை. ஏப்ரல் முடிந்தால் ஆறாவதுக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு வகுப்பில் அறுபது பேர். வகுத்தல் தெரியாமல் போகிற பிள்ளை கடைசி பெஞ்சில் போய் உட்காரும், அப்புறம் வீட்டில் உட்காரும். இங்கே பிச்சித் தோட்டத்தில் பூப் பறிக்கக் கை எப்போதும் தேவை. டீச்சருக்கு இது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. பின்னம் போனால் போகட்டும், வகுத்தலை விடக் கூடாது என்று தை மாதத்தில் இருந்து அதையே பிடித்துக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? எந்தப் பிள்ளைக்கு எது தெரியும் என்று இணையத்தில் நிரப்ப வேண்டிய பட்டியல் ஒன்று உண்டு. நெட் வரும்போது நிரப்பினால்தான் உண்டு. நான் ஒரே மூச்சில் மேலிருந்து கீழே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். பதினோரு பேருக்கும் வகுத்தல் தெரியும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வாரம் டீச்சர் கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொண்டார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சார், பிரஷர் மாத்திர ஒழுங்காப் போடுதீங்களா?" என்று கேட்டார். பாடத்தைத் தவிர வேறு எதையும் கேட்காத ஆள். அப்புறம் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே, "நீங்க மொத மொதல்ல வேலைக்குச் சேந்தப்ப வகுத்தல் எப்படி சார் நடத்துனீங்க?" என்றார்.

"அதெல்லாம் யாருக்கு டீச்சர் ஞாபகம் இருக்கு? அது ஒரு காலம்" என்றேன். டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வட்டார அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறேன், டீச்சரிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. கூடவே, "பாத்துட்டுச் சொல்லுங்க சார்". எங்கள் வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு போன் குரூப் உண்டு. அதில் காலையிலிருந்து சாயங்காலம் வரை படமாக வரும். மரக்கன்று நட்ட படம், சுவருக்கு வெள்ளையடித்த படம், சான்றிதழோடு பிள்ளை நிற்கிற படம். படம் வந்தால் வாழ்த்துகள் என்று போட்டுக் கும்பிடுகிற கை ஒன்றும் போட வேண்டும். படிப்பதெல்லாம் கிடையாது. எதிரே வருகிறவரைப் பார்த்து வணக்கம் சொல்வது மாதிரி அது. நானும் அதே கணக்கில், டீச்சர் அனுப்பியதை அப்படியே தூக்கிக் குரூப்பில் போட்டு, மேலே ஒரு வரி எழுதினேன்: "எங்கள் பள்ளி ஆசிரியையின் சிறப்பான முயற்சி. வாழ்த்துகள் டீச்சர்!"

படத்தில் இருந்தது அவருடைய குருவிப் பதிவு. "ஐந்தாம் வகுப்பில் ஏழு பேருக்கு என்னால் இன்னும் வகுத்தலைக் கொண்டுசேர்க்க முடியவில்லை. ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். எங்கே தொடங்குவது?"

அதற்குக் கீழே வாழ்த்துகள் டீச்சர், வாழ்த்துகள் சகோதரி, தங்கள் பணி தொடரட்டும், மென்மேலும் சிறக்க வாழ்த்துகள் என்று ஐம்பத்திரண்டு பேர். ஐம்பத்திரண்டு பேரும் வாத்தியார்கள். அடக் கடவுளே என்று இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் குரூப்பில் எங்கள் அதிகாரியும் இருந்தார். இத்தனை வாழ்த்து எதற்கு என்று அவர் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் படித்துவிட்டார். சாயங்காலமே போன்.

"என்ன சார் இது? ஏழு பேருக்கு வகுத்தல் வரலன்னு ஊர் உலகத்துக்கே போட்டிருக்காங்க. நீங்க வாழ்த்து சொல்லியிருக்கீங்க!"

"சார், அது வந்து..."

"உங்க பட்டியல்ல பதினோரு பேருக்கும் தெரியும்னு இருக்கே. எது சார் உண்மை?"

அந்த ஒரு நிமிடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். படிக்காமல் போட்டுவிட்டேன், பட்டியலையும் பார்க்காமல்தான் நிரப்பினேன் என்று. "டீச்சர் ஏதோ தெரியாமப் போட்டுட்டாங்க சார்" என்றேன். சொன்ன வாய் இதுதான்.

டீச்சர் பெயருக்கு மெமோ வந்தது. பதிவை உடனே நீக்க வேண்டும், எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். டீச்சரைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்து, விளக்கத்தை நானே சொல்லச் சொல்ல எழுதும்படி சொன்னேன். "மாணவர்கள் அனைவருக்கும் வகுத்தல் தெரியும். கவனக்குறைவால் தவறாகப் பதிவிட்டுவிட்டேன்." டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அழிச்சிருதேன் சார். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தெரியும்னு எப்படி சார் எழுதுவேன்? அந்தா உக்காந்திருக்காளுவ. கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்களேன்."

நான் கூப்பிடவில்லை. அவர் தன் கையால், "பதிவை நீக்கிவிட்டேன். வகுத்தல் நடத்திக்கொண்டிருக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அதை ஃபைலில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் என்ற முறையில் வேறு காகிதத்தில் எனக்கு வேண்டியதை எழுதி அனுப்பினேன். அதோடு விஷயம் அடங்கியது.

ஏப்ரல் வரை டீச்சர் என்னிடம் கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. டீ கொண்டுவருவது மட்டும் நின்றுபோனது. வகுப்பில் தரை முழுக்கப் பூ கிடக்கும். விடிகாலையில் தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைகள் கொண்டுவந்த உதிரிப் பிச்சி. அதைக் கூறு கூறாக வைத்துப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்து டீச்சர், 'வகுக்கச் சொல்லாதீர்கள், பங்கு வைக்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாராம். ஏழில் ஐந்து பேருக்கு வந்துவிட்டது. ஜூனில் டீச்சர் மாறுதல் வாங்கித் தன் ஊர்ப் பக்கம் போனார். நான் ஒரு சால்வை வாங்கிப் போர்த்தினேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு பேரயும் மட்டும் கொஞ்சம் விசாரிச்சிக்கிடுங்க சார். கூறு வச்சா வருது, நோட்டுல எழுதச் சொன்னா முழிக்காளுவ" என்றார். சரி என்றேன். விசாரிக்கவில்லை. அதில் ஒருத்தியை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் பிச்சித் தோட்டத்தில் பார்ப்பேன். "வணக்கம் சார்" என்று கையைத் தூக்குவாள். நான் வண்டியின் வேகத்தைக் குறைப்பதில்லை.

போன வாரம் மறுபடியும் அந்தப் பட்டியல் வந்தது. இப்போது ஐந்து வகுப்பும் நான்தான். ஐந்தாவதில் ஒன்பது பேர். டிக் போட விரலைக் கொண்டுபோனவன், எதற்கோ தலையைத் தூக்கி, "ஏட்டி, இருபத்தெட்ட நாலால வகுத்தா என்ன வரும்?" என்று கேட்டேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றால், பழைய போனோடு அவர் நம்பரும் போய்விட்டது. ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மெமோவில் அவருடைய கணக்கின் பெயரை அலுவலகத்தில் தெளிவாகக் குறித்திருந்தார்கள். ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி நானும் அந்தத் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கினேன். குருவியைக் காணோம், இப்போது அங்கே ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. டீச்சர் இருந்தார். முந்தின நாள்கூட, "காற்றுக்கு எடை உண்டு என்பது ஓடவில்லை" என்று போட்டிருந்தார். பெருவிரலால் தள்ளித் தள்ளி அந்த வருடத்துக்குப் போனேன். வகுத்தல், வகுத்தல், வகுத்தல். நடுவில் ஒன்று.

"என் சக ஆசிரியருக்கு நிறைய அனுபவம். நல்ல மனிதர். மிகவும் களைத்திருக்கிறார். பத்தடி தூரத்தில் இருக்கிறார். களைத்தவரிடம் எப்படிக் கேட்பது?"

கீழே நாலைந்து பதில். டீ கொடுத்துப் பாருங்கள். உடம்பை விசாரியுங்கள். அவருடைய ஆரம்ப நாட்களைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக வரும். அதற்கு அடுத்த வாரம் டீச்சர் எழுதியிருந்தார்: "கேட்டேன். ஓடவில்லை. வேறு வழி?" அதற்குக் கிருஷ்ணகிரி வாத்தியார், "நேரில் தயங்குவாராக இருக்கும். எழுதி அனுப்பிப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தார்.

எழுதித்தான் அனுப்பியிருக்கிறார். பாத்துட்டுச் சொல்லுங்க சார் என்று. நான் அதைத்தான் குரூப்பில் தூக்கிப் போட்டேன்.

மெமோ வந்த நாளில் கடைசியாக ஒன்று. "அனுப்பினேன். ஓடவில்லை. தப்பு என்னுடையது. அவர் வேலையாக இருந்த நேரம் பார்த்து அனுப்பிவிட்டேன்." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் இல்லை, அதனால் என்ன.

அப்புறம் அதற்குக் கீழே பதில் எழுதத் தொடங்கினேன். மன்னிப்பு கேட்டு என்ன செய்ய? அவர் கேட்டது அது இல்லையே. "டீச்சர், நான் முதலில் சேர்ந்தது திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசக்காட்டுப் பள்ளிக்கூடம். கரும்பலகையே கிடையாது. அதனால் பிள்ளைகளையே வகுத்தேன். ஓட விட்டு விசில் அடிப்பேன். நாலு நாலாய் நில்லு என்பேன். ஓடிப்போய் நாலு நாலாய்க் கைகோத்து நிற்பார்கள். எத்தனை கூட்டம் என்று எண்ணச் சொல்வேன். கூட்டத்தில் சேர முடியாமல் மிஞ்சுகிற பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் மீதி. மீதியாக நிற்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை."

இத்தனையும் ஞாபகம் இருந்திருக்கிறது. அனுப்பப் போனால் போகவில்லை. எழுத்து அதிகம் என்று கீழே சிவப்பாக ஒரு எண் காட்டுகிறது. விசிலை எடுத்தேன், கரும்பலகையை எடுத்தேன், திருவேங்கடத்தையும் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் மிஞ்சுகிறது. கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பிள்ளையை எடுத்துவிட்டால் சரியாகப் போய்விடும். மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டாமல் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.